ஐந்தின் விதி தகுதிச் சான்றிதழ் அன்று

வாய்வழி மருந்துகளைப் பற்றிய நம் ஆய்வேடுகளில் ஒரு வாக்கியம் சடங்காகிவிட்டது: "இச்சேர்மம் லிபின்ஸ்கியின் விதியை மீறவில்லை, ஆகவே வாய்வழி மருந்தாகும் தகுதி உடையது." ஒரு மூலிகையிலிருந்து இருபது சேர்மங்களைத் தேர்கிறோம். ஒரு புரதத்தின் குழியில் அவற்றைக் கணினியில் பொருத்துகிறோம். இணையச் செயலி ஒன்றில் இடுகிறோம். பச்சைக் குறி விழுந்ததும் மேற்கண்ட வாக்கியத்தை எழுதி முடிக்கிறோம். பெங்களூரில் நான் அமர்ந்து கேட்கும் கருத்தரங்குகளிலும் சரி, தமிழ்நாட்டிலிருந்து வரும் கட்டுரைகளிலும் சரி, இதை எதிர்த்துக் கேட்பவர் அரிது. வாக்கியத்தின் முற்பாதி உண்மையாக இருக்கலாம். பிற்பாதி அதிலிருந்து பிறப்பதில்லை. "ஆகவே" என்னும் அந்த ஒரு சொல்லின் மீதுதான் என் வழக்கு.

1997-இல் ஃபைசர் நிறுவனத்தின் கிறிஸ்டோபர் லிபின்ஸ்கியும் உடனாய்வாளர்களும் சொன்னது என்ன? மனிதரிடம் இரண்டாம் கட்டச் சோதனை வரை வந்த 2,000-க்கும் மேற்பட்ட சேர்மங்களை ஆராய்ந்து, நான்கு எல்லைகளை அவர்கள் வரைந்தனர். மூலக்கூறு எடை 500; கொழுப்பு நாட்டத்தைக் காட்டும் ஆக்டனால்–நீர் பங்கீட்டுக் கெழுவின் மடக்கை 5; ஹைட்ரஜன் பிணைப்பு வழங்கிகள் 5; ஏற்பிகள் 10. எல்லாம் ஐந்தின் மடங்குகள் என்பதால் அப்பெயர். "ஐந்து விதிகள்" என்று எழுதுவோர் மூலக் கட்டுரையைத் திறந்து பார்த்ததில்லை என்பது வெளிப்படை. இவ்வெல்லைகளைக் கடந்த சேர்மம் குடலில் சரிவர உறிஞ்சப்படாமற் போக வாய்ப்பு மிகுதி என்பதே அவர்களின் கூற்று. கடக்காதது உறிஞ்சப்படும் என்று அவர்கள் கூறவில்லை. கடத்திப் புரதங்கள் ஏற்றுச் செல்லும் மூலக்கூறுகள் விதிக்கு விலக்கு என்பதையும் அதே கட்டுரை சொல்கிறது.

விதியைக் கடக்காமல் தோற்றதற்குச் சான்று தேடி நெடுந்தூரம் போக வேண்டாம். நம் மஞ்சளே போதும். குர்க்குமினின் மூலக்கூறு எடை 368. வழங்கிகள் மூன்றுக்கு மேல் இல்லை, ஏற்பிகள் ஆறு. ஒரு மீறலும் கிடையாது. 2002-இல் வெபர் குழுவினர் சேர்த்த இரண்டு எல்லைகளையும், அதாவது சுழலும் பிணைப்புகள் 10, முனைவுப் பரப்பு 140 சதுர ஆங்ஸ்ட்ராம், அது எளிதாகவே நிறைவு செய்கிறது. ஆயினும் கிராம் கணக்கில் உண்டாலும் குருதியில் அது காணப்படுவது மிகச் சொற்பம். நீரில் அரிதாகவே கரைகிறது. நடுநிலைக் கரைசலில் நிமிடக் கணக்கில் சிதைகிறது. உறிஞ்சப்பட்ட சிறு பங்கையும் குடற்சுவரும் கல்லீரலும் குளுகுரோனைடாக மாற்றி வெளியேற்றுகின்றன. இம்மூன்றில் எதையும் அந்த நான்கு எண்கள் அளப்பதில்லை.

இனி மறுபக்கம். காசநோய்ச் சிகிச்சையின் முதுகெலும்பான ரிஃபாம்பிசினின் எடை 823, வழங்கிகள் 6, ஏற்பிகள் 16. மூன்று எல்லைகளை மீறுகிறது. வெபரின் முனைவுப் பரப்பையும் மீறுகிறது. ஆயினும் வாய்வழியே உண்ணப்படுகிறது. மருந்தெதிர்ப்புக் காசநோய்க்கு 2012-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற பெடாகுவிலினின் எடை 555. கொழுப்பு நாட்டமும் எல்லைக்கு வெகு மேலே. அதுவும் மாத்திரையே, உணவோடு உண்டால் உறிஞ்சப்படும் அளவு ஏறக்குறைய இரு மடங்காகிறது. கானமைசினோ 484 எடையோடு முதல் எல்லைக்குள் நிற்கிறது. மீறுவது வழங்கி, ஏற்பி என்னும் இரண்டை மட்டுமே. ஆனால் குடல் அதை ஏற்பதில்லை. ஊசியால்தான் செலுத்த வேண்டும். மீறல்களை எண்ணித் தீர்ப்பெழுதும் நம் வழக்கப்படி, கானமைசின் ரிஃபாம்பிசினைவிட மேலான வாய்வழி மருந்து! இந்த அபத்தத்தை ஒரு செயலியின் அட்டவணை நமக்குச் சொல்லாது.

இது ஆய்வேட்டு நடையைப் பற்றிய சச்சரவு அன்று. வாய்வழி மருந்து என்பது நோயாளியின் வாழ்வு எங்கே கழியும் என்பதைத் தீர்மானிப்பது. 1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் வேதிச்சிகிச்சை மையம், ஐசோனியசிட், பாஸ் ஆகிய வாய்வழி மருந்துகளை ஓராண்டு உண்டு வீட்டிலிருந்த நோயாளிகளையும் மருத்துவ விடுதியில் தங்கியவர்களையும் ஒப்பிட்டது. வீட்டுச் சிகிச்சை ஏறத்தாழ அதே பலன் தந்தது என்னும் முடிவு 1959-இல் வெளியாயிற்று. உலகெங்கும் காசநோய் விடுதிகளின் காலம் முடிந்தது. அதே 1959-இல் பெங்களூரில் அமைந்த தேசியக் காசநோய் நிறுவனம், வீட்டுச் சிகிச்சையை நாடு முழுவதற்குமான திட்டமாக வகுத்தது. மறுபுறம், மருந்தெதிர்ப்பு நோயாளிகள் மாதக்கணக்கில் கானமைசின் ஊசி ஏற்றார்கள். பலர் செவித்திறனை மீளாது இழந்தார்கள். 2018-இல்தான் உலகச் சுகாதார நிறுவனம் அதனைக் கைவிடச் சொன்னது. அந்த ஊசியின் இடத்திற்கு வந்தது, நம் சல்லடை கழித்துக்கட்டியிருக்கும் பெடாகுவிலின்.

முறையான வழியையும் இந்நகரம் கண்டிருக்கிறது. 2014-இல் மூட முடிவெடுக்கப்பட்ட ஆஸ்ட்ராசெனக்காவின் பெங்களூர் ஆய்வகம், காசநோய்க் கிருமியின் செல்சுவர் நொதி ஒன்றைத் தடுக்கும் அசாஇண்டோல் வகைச் சேர்மங்களைக் கண்டது. கிருமியைக் கொன்றது என்பதோடு அங்கிருந்தோர் நின்றுவிடவில்லை. வளர்சிதை மாற்றத்தை அச்சேர்மம் எவ்வளவு தாங்குகிறது, விலங்கின் உடலில் என்னவாகிறது என்று அளந்து, அதற்கேற்ப அமைப்பை மீண்டும் மீண்டும் மாற்றினார்கள். அவ்வரிசையில் பிறந்த டிபிஏ-7371 மனிதச் சோதனை வரை சென்றது.

"எங்களிடம் அத்தகைய ஆய்வகம் இல்லை" என்பது எதிர்வாதம். விலங்குச் சோதனைக்கு அது பொருந்தும், கரைதிறனுக்குப் பொருந்தாது. இரு தாங்கல் கரைசல்கள், ஒரு குலுக்கி, ஒரு வடிதாள், ஒரு புறஊதா நிறமாலைமானி: எந்தக் கல்லூரியின் வேதியியல் துறையில் இவை இல்லை? இரைப்பையின் அமிலத்தில் ஒன்று, குடலின் நிலையில் ஒன்று என 24 மணி நேரம் குலுக்கி அளந்தால் போதும். அதே கரைசல்களில் சேர்மம் சிதைகிறதா என்பதும் தெரிந்துவிடும். பங்கீட்டுக் கெழுவையும் செயலி ஊகிக்க விடாமல் ஆக்டனாலில் நாமே அளக்கலாம்.

லிபின்ஸ்கியின் மீது எனக்குக் குறையில்லை. சேர்மங்களை மொத்தமாக உருவாக்கிக் குவித்த 1990-களில், பருத்த, நீரில் கரையாத மூலக்கூறுகளின் பின்னால் ஓடாதீர்கள் என்று அவர் எச்சரித்தது தக்க தருணத்தில் வந்த உதவி. எச்சரிக்கைப் பலகையைச் சான்றிதழாகச் சட்டமிட்டு மாட்டியவர்கள் நாம்.

ஆகவே நெறியாளர்களுக்கும் தேர்வாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வாய்வழி மருந்து என்று உரிமை கோரும் எந்த ஆய்வேட்டிலும், அளந்த கரைதிறன் மதிப்பு ஒன்றேனும் இல்லையெனில் அவ்வுரிமையை நீக்கச் சொல்லுங்கள். மாணவர்களே, வாய்மொழித் தேர்வில் உங்களிடம் கேட்கப்படும் முன் நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்: இச்சேர்மம் குடல்நீரில் எவ்வளவு கரைகிறது? எத்தனை நிமிடம் நிலைக்கிறது? விடை இல்லாதவரை "விதியை மீறவில்லை" என்பதோடு நிறுத்துங்கள், "ஆகவே" வேண்டாம்.