மூலப்படி காப்போம்

ஏடு பெயர்த்தெழுதியோரின் பிழைகளால் பாடபேதங்கள் பெருகியதைத் தமிழ் பயில்வோர் நன்கறிவர். இசைக்கோப்புகளுக்கும் இன்று அந்நிலை நேர்கின்றது. குறுந்தகட்டில் நொடிக்கு 44,100 மாதிரிகளாகப் பதிந்துள்ள ஒலியை எம்.பி.3 வடிவிற்குச் சுருக்குங்கால், செவி உணராதெனக் கருதப்படும் நுண்ணொலிகள் களையப்படுகின்றன. கைப்பேசிக்கு ஒன்று, மகிழுந்துக்கு ஒன்றெனச் சுருக்கியதையே மீண்டும் வேறு வடிவிற்குச் சுருக்கினால் இழப்பு மிகும். பின்னர் இழப்பில்லா வடிவமாகிய ஃபிளாக்கிற்கு மாற்றினும் களைந்தவை மீளா. கோப்பின் பருமனே கூடும்.

இஃதறியாது, இடம் மிச்சமெனக் கருதி மூலக் கோப்பை அழிப்போர் பலர். ஃபிளாக்கில் மூலப்படி ஒன்றைப் பேணி, கருவிக்கேற்ற படிகளை அதிலிருந்தே எடுப்பதே முறை. மூல ஏடு கிடைப்பின் பாடபேதம் களையலாம். மூலமே அழிந்தபின் எதைக்கொண்டு திருத்துவோம், மாணவ நண்பர்களே?