பழைய வண்டிக்கும் ஒரு பேரேடு வேண்டும்



'சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்' என்று பெரியவர்கள் சொல்லி வைத்தது நம்மை மனதில் வைத்துத்தானோ என்று தோன்றுகிறது. கிலோவுக்கு ஒன்றிரண்டு ரூபாய் கிடைத்தால் போதும் என்று பருப்பும் சர்க்கரையும் விற்கிறவர்கள் நாம். அந்த லாபத்துக்காகக் கொள்முதலில் பைசா பைசாவாகப் பேரம் பேசுகிறோம். ஒரு மாதம் அப்படிச் சேர்த்ததை, நடுவழியில் நின்றுபோன பழைய வண்டி ஒரே நாளில் விழுங்கிவிடுகிறது.

1979-ல் ரயில் வரும்வரை நம் மாவட்டத்துக்குச் சாலையே கதி. இன்றும் மண்டியிலிருந்து கடைக்குச் சரக்கு போய்ச் சேருவது சாலை வழியேதான். கோட்டாறு கம்போளத்துக்குத் திங்கள்சந்தை, தக்கலை, குலசேகரம் பகுதிகளிலிருந்து வருகிற சில்லறை வியாபாரிகளில் பலர் கொண்டுவருவது இரண்டாம் கை, மூன்றாம் கை வண்டி. அம்பாசிடர் காரின் உற்பத்தி 2014 மே மாதம் நின்றது. மாருதி 800 அதே ஆண்டு ஜனவரியில் நின்றது. நம்மவர்களின் செல்லப்பிள்ளையான ஆம்னி 2019-ல் நின்றது. உற்பத்தி நின்றாலும் வண்டிகள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. புது வண்டிக்கு மாதத் தவணை கட்டிவிட்டுக் கல்லாவைத் துடைத்துப் பார்ப்பதைவிட, கடனில்லாத பழைய வண்டி எவ்வளவோ மேல்.

ஆனால் ஒன்று கேட்கிறோம். கடையில் எத்தனை மூட்டை அரிசி இருப்பு என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்லுகிற நம்மில் எத்தனை பேருக்கு, வண்டிக்குக் கடைசியாக என்ஜின் ஆயில் மாற்றிய தேதி தெரியும்? கடைக்கு நாள்வழியும் பேரேடும் வைக்கிறோம். வண்டிச் செலவை மட்டும் 'சில்லறைச் செலவு' என்று ஒரே வரியில் எழுதி முடித்துவிடுகிறோம். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, தேதி, ஓடிய கிலோமீட்டர், செய்த வேலை, கொடுத்த தொகை, வண்டி நின்ற நாட்கள் என்று ஐந்து பத்தி போட்டு எழுதி வந்தால், வண்டியின் நோய் பாதி அந்த நோட்டிலேயே தெரிந்துவிடும்.

முதலில் நம் மண்ணுக்கே உரிய சங்கடங்களைப் பார்ப்போம். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் பெய்கிற மாவட்டம் இது. குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சிப் பக்கம் உப்புக் காற்று வேறு. இவை போதாதென்று நாமே உப்பு மூட்டையையும் கருவாட்டுக் கூடையையும் வண்டிக்குள் ஏற்றுகிறோம். கசிகிற உப்புநீர் தரைத் தகட்டில் இறங்கி, பாய்க்கு அடியில் மறைவாக இருந்து தின்கிறது. இத்தகைய சரக்கு ஏற்றும்போது கனமான தார்ப்பாய் விரியுங்கள். இறக்கிய அன்றே நல்ல தண்ணீர் விட்டுக் கழுவிக் காயவிடுங்கள். ஆண்டுக்கு ஒரு முறை, இடவப்பாதி மழை தொடங்கும் முன் அடிப்பாகத்துக்குத் துருத் தடுப்புப் பூச்சு கொடுங்கள்.

இன்னொரு எதிரி எலி. சிந்திய அரிசிக்கும் கடலைக்கும் வருகிற எலி, அது தீர்ந்ததும் ஒயரைக் கடிக்கிறது. 'நேற்று ஓடிய வண்டி இன்று ஏன் ஓடவில்லை' என்ற கேள்விக்குப் பல மளிகைக் கடை வண்டிகளில் விடை இதுதான். இரவில் வண்டியைப் பெருக்கி நிறுத்துவது ஐந்து நிமிட வேலை.

அடுத்து, ஒர்க்ஷாப்புக்குப் போகும் முன் நாமே தெரிந்துகொள்ள வேண்டியவை. சாவியைத் திருப்பினால் 'டிக் டிக்' என்ற சத்தம் மட்டும் வந்தால் பாட்டரி பலவீனம், அல்லது அதன் முனைகளில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கும். முனைகளைக் கழற்றி வெந்நீரால் கழுவி, துடைத்து, இறுக்கி, வாஸ்லின் தடவினால் பல நேரம் சரியாகிவிடும். என்ஜின் நன்றாகச் சுற்றியும் பிடிக்கவில்லை என்றால் குறை எரிபொருளிலோ, பெட்ரோல் வண்டியானால் பிளக்கிலோ இருக்கலாம். டீசல் வண்டியில் குழாய்க்குள் காற்று புகுந்திருக்கலாம்.

புகையும் பேசும். நீலப் புகை வந்தால் என்ஜின் ஆயில் எரிகிறது. கரும்புகை வந்தால் எரிபொருள் மிகுதியாகப் போகிறது, அல்லது ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறது. என்ஜின் சூடேறிய பிறகும் வெண்புகை நிற்காமல், ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்துகொண்டே போனால் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகிக்க வேண்டும். அந்த நிலையில் 'சந்தை வரை போய் வந்துவிடலாம்' என்று ஓட்டினால் சில ஆயிரத்தில் முடிகிற வேலை முழு என்ஜின் வேலையாகிவிடும். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. உப்புக் கலந்த போர்த் தண்ணீரை ஊற்றினால் உள்ளே காரை படியும். கூலண்டைக் காய்ச்சி வடித்த நீரோடு கலந்து ஊற்றுவதே முறை.

2021 நவம்பர் வெள்ளத்தை நாம் மறந்திருக்க மாட்டோம். என்ஜின் வரை தண்ணீர் ஏறிய வண்டியை உடனே ஸ்டார்ட் செய்து பார்க்கக் கூடாது. பாட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, இழுத்துக்கொண்டு போய்க் காட்ட வேண்டும். அளவுக் கம்பியில் ஆயில் பால் நிறமாகத் தெரிந்தால் தண்ணீர் கலந்துவிட்டது என்று பொருள். பெட்ரோல் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு செய்தி. 2023-ல் தொடங்கி இப்போது எங்கும் விற்பனையாகும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலக்கப்படுகிறது. பழைய வண்டிகளின் ரப்பர் குழாய்களும் வாஷர்களும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. பெட்ரோல் வாடை வீசினால் அலட்சியம் வேண்டாம், குழாய்களை மாற்றிவிடுங்கள்.

மற்ற எல்லாவற்றிலும் சிக்கனம் பாருங்கள். பிரேக்கிலும் டயரிலும் பார்க்காதீர்கள். பிரேக் ஆயில் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் தன்மை உடையது; இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையாவது மாற்ற வேண்டும். பெடல் வழக்கத்தைவிடக் கீழே போனால் அன்றே பார்க்க வேண்டும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். '2319' என்றால் 2019-ஆம் ஆண்டு 23-ஆவது வாரத்தில் செய்தது. பட்டன் தேயாத டயரும் வயதானால் வெடிக்கும். இரண்டாம் கை டயர் வாங்கும்போது இந்த எண்ணைப் பாருங்கள். மூட்டை ஏற்றும்போது 'இன்னும் ஒன்று' என்று சொல்லும் நம் வாயையும் கட்ட வேண்டும். குலசேகரம் பக்கத்து இறக்கத்தில் அந்தப் பாரத்தோடு பிரேக் மிதிப்பது நம் கடையில் சம்பளம் வாங்குகிற ஒரு வீட்டுப் பிள்ளை. அவனை நம்பி அங்கே ஒரு குடும்பம் இருக்கிறது.

இனி நம் முதலையே காக்கிற விஷயத்துக்கு வருவோம். பழைய வண்டிதானே என்று இன்ஷூரன்ஸைப் புதுப்பிக்காமல் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் கட்டாயம். இல்லாமல் ஓட்டினால் முதல் முறை 2,000 ரூபாய் அபராதம் என்பது சிறிய விஷயம். விபத்தில் ஒருவர் உயிரிழந்தால் நீதிமன்றம் விதிக்கும் இழப்பீடு முழுவதும் உரிமையாளர் தலையில் விழும். அதற்கு ஈடு கொடுக்கக் கடையும் வீடும் சேர்ந்தாலும் போதாமல் போகலாம். சொந்த உபயோகத்துக்கென்று பதிவான வெள்ளைப் பலகை வண்டியில் வியாபாரச் சரக்கு ஏற்றினாலும் இன்ஷூரன்ஸ் நிறுவனம் கைவிரிக்க இடமுண்டு. தனியார் காரின் பதிவு 15 ஆண்டுக்கு மட்டுமே, பிறகு எஃப்.சி. பார்த்து ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலில் அதற்கான கட்டணமும் ரூ.5,000 ஆக உயர்ந்தது. 20 ஆண்டு கடந்த வண்டிகளுக்கு 2025-ல் மேலும் கூட்டினார்கள். சரக்கு வண்டிக்கு எட்டு ஆண்டு வரை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையும், அதன் பின் ஆண்டுதோறும் எஃப்.சி. எடுக்க வேண்டும். இந்தத் தேதிகளை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

எப்போது விற்பது? இதற்கும் நோட்டே பதில் சொல்லும். ஒரு பழைய வண்டிக்கு ஆண்டுக்கு 36,000 ரூபாய் செலவு என்று வைத்துக்கொள்வோம். அதற்குப் பதில் வாங்கும் வண்டிக்கு மாதத் தவணை 10,000 என்றால் ஆண்டுக்கு 1,20,000 ஆகிறது. பழையதை வைத்திருப்பதே லாபம். ஆனால் அது மாதம் மூன்று நாள் நின்று, நின்ற நாளுக்கு வாடகை வண்டியும், கைவிட்டுப் போன வாடிக்கையும் சேர்ந்து 2,500 ரூபாய் போனால், ஆண்டுக்கு 90,000 கூடுகிறது. மொத்தம் 1,26,000. இப்போது தராசு மறுபக்கம் சாய்கிறது. செலவுச் சீட்டை மட்டும் பார்ப்பவருக்கு இது தெரியாது. நின்ற நாளையும் எழுதுகிறவருக்கே தெரியும். சேசிஸைத் துரு அரித்துவிட்டதென்று மெக்கானிக் சொன்னால் மட்டும் எந்தக் கணக்கும் பார்க்க வேண்டாம். ஆசை விட்டு, முறைப்படி பழைய இரும்புக்குக் கொடுத்து, பதிவையும் ரத்து செய்துவிடுங்கள்.

நம் சங்கமும் இதில் ஒன்று செய்யலாம். இரண்டு மழைக்காலத்துக்கும் முன்னதாக ஒரு ஞாயிற்றுக்கிழமை, நம்பிக்கையான மெக்கானிக் இருவரை அழைத்து, உறுப்பினர் வண்டிகளின் பிரேக், டயர், பாட்டரி, அடித்தகடு நான்கையும் பார்த்துச் சீட்டு எழுதிக் கொடுக்க ஏற்பாடு செய்தால் ஆகும் செலவு சொற்பம், பலன் பெரிது. நிர்வாகிகள் அடுத்த கூட்டத்தில் இதை எடுத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறோம்.

வண்டி நமக்கு ஓடி உழைக்கிற முதல். வருகிற சித்திரையில் புதுக்கணக்கு எழுதும்போது, கடைப் பேரேட்டுக்குப் பக்கத்தில் வண்டிக்கும் ஒரு நோட்டை வைத்து மஞ்சள் தடவுங்கள். முதல் வரியாக அன்றைய கிலோமீட்டரை எழுதுங்கள்.