நம்பிக்கையா, எதிர்நோக்கா?

பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தின் 13-ஆம் அதிகாரம் மூன்று பண்புகளைச் சொல்லி முடிகிறது. பழைய தமிழ் வேதாகமத்தில் அவை விசுவாசம், நம்பிக்கை, அன்பு. 1995-இல் வந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பில் நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு. கவனித்தீர்களா? அங்கே இரண்டாவதாக நிற்கும் 'நம்பிக்கை' இங்கே முதலிடத்துக்கு வந்துவிட்டது!

இது வெறும் அகராதிச் சண்டை இல்லை. "நம்பிக்கையோட ஜெபம் பண்ணு, கண்டிப்பா சீட் கிடைக்கும்" என்கிறார்கள். கிடைத்தால் சாட்சி சொல்லலாம். கிடைக்காவிட்டால்...? "உனக்கு நம்பிக்கை பத்தலை" என்று முடித்துவிடுவார்கள். முன்பணம் கட்டியாச்சு, சரக்கு எங்கே என்று கேட்கிற கதைதான். இது வியாபாரம். எதிர்நோக்கு வேறு.

அரியலூர் மாவட்டத்தில் திருமானூரை அடுத்த ஏலாக்குறிச்சிக்குப் போனவர்களுக்கு அடைக்கல மாதாவைத் தெரிந்திருக்கும். பெரம்பலூர்ப் பக்கமிருந்தும் வருகிறார்கள், கிறிஸ்தவர் அல்லாதவர்களும் வருகிறார்கள். இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் அந்த ஊருக்குத் திருக்காவலூர் என்று பெயரிட்டு, அந்த மாதாவின் மேல் ஒரு கலம்பகமும் பாடினார். அவருடைய தேம்பாவணி 3615 பாடல்கள் கொண்டது. அதன் நாயகன் யாரென்றால் தச்சரான சூசையப்பர்! நான்கு நற்செய்திகளிலும் ஒரு வார்த்தைகூடப் பேசாத மனிதர் அவர். குழந்தையைக் கொல்லத் தேடுகிறார்கள் என்று தெரிந்ததும் இரவோடு இரவாகத் தாயையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு எகிப்துக்குப் போகிறார். எப்போது திரும்புவோம் என்ற உத்தரவாதம் எதுவும் அவர் கையில் இல்லை. எதிர்நோக்கு என்றால் அதுதான்.

இதே மாவட்டத்தில்தான் குழுமூரும் இருக்கிறது. சுமை தூக்கும் தொழிலாளியின் மகள் அனிதா பிளஸ் டூவில் 1200-க்கு 1176 எடுத்தார். நீட் தேர்வால் மருத்துவ இடம் கிடைக்கவில்லை. உச்ச நீதிமன்றம் வரை போனார். 2017 செப்டம்பர் 1 அன்று உயிரை மாய்த்துக்கொண்டார். அவருக்கு உழைப்பில் குறையா, நம்பிக்கையில் குறையா? அப்படிக் கேட்பதே அநியாயம். ஒரு பரீட்சை போனால் எல்லாமே போச்சு என்று பிள்ளைகளை நினைக்க வைத்திருக்கிற ஊரையும் அரசையும்தான் கேட்க வேண்டும்.

2025 யூபிலி ஆண்டுக்குப் போப் பிரான்சிஸ் கொடுத்த தலைப்பு 'எதிர்நோக்கின் திருப்பயணிகள்'. நல்ல தலைப்புதான். ஆனால் திருப்பயணம் என்றதும் வேன் பிடித்து ஏதாவது திருத்தலத்துக்குப் போவதோடு நம்மவர்கள் நின்றுவிடுகிறார்கள். ரிசல்ட் வருகிற வாரம் கோவிலில் மெழுகுவர்த்திக்குக் குறைவிருக்காது. அதே வாரம், ஃபெயிலான பிள்ளையின் வீட்டுக்கு பங்கிலிருந்து யார் போகிறார்கள்? அறிவுரை சொல்ல வேண்டாம். அன்று சாயங்காலம் அந்தப் பிள்ளையைத் தனியாக விடாமல் கூட உட்கார்ந்திருக்கலாம். மறுநாள் துணைத் தேர்வுக்கு விண்ணப்பம் போடக் கூடவே போகலாம். இளைஞர் இயக்கத்தில் நான்கு பேர் இருந்தால் போதும், இந்த வருடமே செய்துவிடலாம்.