முதலில் பின்பக்கத்து அறை, அப்புறம் ஸ்பீக்கர்

கொஞ்சம் நீண்ட பதிவு. சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் படியுங்கள்.

"ஒஹாயோவில் மகள் வீட்டில் ஐந்து மாதம் என்னதான் சார் செய்தீர்கள்?" என்று பலரும் கேட்டுவிட்டீர்கள். பேரனைத் தூக்கிக்கொண்டு திரிந்தேன், பனி பார்த்தேன் என்பது பாதி பதில். மீதிப் பாதி, பேஸ்மென்டில் மாப்பிள்ளை கட்டிய சினிமா அறை. உங்களில் நிறையப் பேர் அந்த ஊர்களில் வீடு வாங்கியிருக்கிறீர்கள். மூன்று பேர் இதே யோசனையில் இருப்பதாக எழுதியும் இருக்கிறீர்கள். அதனால் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெட்டி இல்லாத சப்வூஃபர், அதாவது 'இன்ஃபினிட் பாஃபிள்' என்பது, சொந்த வீடும் பேஸ்மென்டும் உள்ளவர்களுக்கு மிக நல்ல வழி. ஆனால் ஸ்பீக்கரை வாங்குவதற்கு முன்னால், அதன் முதுகு எந்த அறையைப் பார்க்கப்போகிறது என்று முடிவு செய்யுங்கள். எல்லோரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் ஆரம்பித்தது.

எட்டாம் வகுப்பில் ஒலி பாடம் நடத்தும்போது பழைய ரேடியோ ஸ்பீக்கர் ஒன்றைக் கொண்டுவருவேனே, நினைவிருக்கிறதா? வெறுமனே கையில் பிடித்தால் கீச்சுக் குரல்தான் வரும். நடுவில் வட்டமாக ஓட்டை போட்ட பெரிய அட்டையில் வைத்து அழுத்தினால் திடீரென்று குரலுக்குக் கனம் வந்துவிடும். "மந்திரமா சார்?" என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் வரும். மந்திரமில்லை. ஸ்பீக்கரின் கூம்பு முன்னால் தள்ளும்போது முன்பக்கம் காற்று நெருங்குகிறது, பின்பக்கம் அதே நேரத்தில் தளர்கிறது. இரண்டும் ஓரம் சுற்றி வந்து சந்தித்தால் ஒன்றை ஒன்று தின்றுவிடும். அட்டை அந்த வழியை அடைக்கிறது.

கீச்சுக் குரலுக்கு ஒரு அட்டை போதும். சினிமாவில் வரும் இடிமுழக்கம் 20 ஹெர்ட்ஸ் வரை இறங்கும். ஒலியின் வேகம் நொடிக்கு 343 மீட்டர். வகுத்துப் பாருங்கள், ஒரு அலையின் நீளம் 17 மீட்டர். அதற்கு அட்டை வெட்டினால் வீட்டைவிடப் பெரிதாக வெட்ட வேண்டும். அதனால்தான் ஸ்பீக்கரை ஒரு பெட்டியில் போட்டு மூடிவிடுகிறோம். 1954-இல் எட்கர் வில்ச்சர் என்பவர் ஹென்றி க்ளாஸுடன் சேர்ந்து 'அகூஸ்டிக் ரிசர்ச்' கம்பெனியைத் தொடங்கி, சின்னப் பெட்டிக்குள் அடைபட்ட காற்றையே ஸ்பிரிங் போலப் பயன்படுத்திக் காட்டினார். அவரும் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் வகுப்பு எடுத்தவர்தான் என்று படித்தபோது எனக்கு ஒரு அற்பப் பெருமை. ஆனால் அந்தச் சின்னப் பெட்டியில், அடைபட்ட காற்றோடு மல்லுக்கட்டவே ஆம்ப்ளிஃபையரின் சக்தியில் கணிசமான பகுதி போய்விடும்.

இன்ஃபினிட் பாஃபிளில் பெட்டியே கிடையாது. சுவர்தான் அட்டை. முன்பக்கம் சினிமா அறை, பின்பக்கம் இன்னொரு முழு அறை. பேஸ்மென்ட் இல்லாத டெக்சாஸ் பக்கத்து வீடுகளில் மேலே உள்ள பரணைப் பயன்படுத்துகிறார்கள். பின்னால் இருக்கும் காற்று அவ்வளவு அதிகம் என்பதால் அது கூம்பைத் தடுப்பதே இல்லை. குறைந்த வாட்டில் ஆழமான ஒலி. பெட்டிக்குள்ளிருந்து வரும் அந்த 'தொம்' என்ற அடைப்பும் இல்லை. நம் ஊர்த் திருவிழாக்களில் பெட்டிகளை அடுக்கி நெஞ்சைக் குத்துவார்களே, அந்தச் சத்தத்துக்கு நேர் எதிர் இது. காதில் கேட்பதற்கு முன் சோபாவில் தெரியும்.

மாப்பிள்ளை கணினித் துறை. எதையும் அரைகுறையாகச் செய்ய மாட்டார். 15 அங்குல ஸ்பீக்கர் நான்கு வாங்கியாகிவிட்டது. ஒவ்வொன்றுக்கும் 'வி.ஏ.எஸ்.' என்று ஒரு எண் உண்டு. அந்த ஸ்பீக்கரின் தொங்கலுக்கு எவ்வளவு விறைப்போ, அதே விறைப்பைத் தரும் காற்றின் கொள்ளளவு அது. அவர் வாங்கியவற்றுக்கு 250 லிட்டர். நான்குக்கும் சேர்த்து 1,000 லிட்டர். பின் அறை இதைப்போல் குறைந்தது 4 மடங்கு, தாராளமாக 10 மடங்கு இருக்க வேண்டும் என்பது இந்த வேலை செய்பவர்களின் வாய்ப்பாடு. 10,000 லிட்டர். 'கியூ.டி.எஸ்.' என்ற இன்னொரு எண் 0.7-ஐ ஒட்டி இருந்தது. அதுவும் சரி. அது 0.3 என்று இருந்தால் ஓட்டை வைத்த பெட்டிக்கான ஸ்பீக்கர், சுவருக்கு வேண்டாம்.

திரைக்கு நேர் பின்னால் ஃபர்னஸ் அறை. 10 அடிக்கு 9 அடி, உயரம் 8. அதாவது 720 கன அடி, லிட்டரில் 20,000-க்கு மேல். "கணக்கு கச்சிதமா வருது மாமா" என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பலகை அறுப்பதற்கு நாள்கூடக் குறித்துவிட்டோம்.

பேரன் தூங்கும் நேரத்தில் எனக்குப் பொழுது போகாது. கண்ணில் பட்ட எழுத்தையெல்லாம் படிக்கிற வியாதி எனக்கு உண்டு, உங்கள் டீச்சரம்மாவைக் கேட்டால் சொல்வார். ஒரு மதியம் ஃபர்னஸ் அறையில் நின்று, வெந்நீர்த் தொட்டியின் மேல் ஒட்டியிருந்த எச்சரிக்கையைப் படித்தேன். எரிவதற்கும் புகை வெளியேறுவதற்கும் வேண்டிய காற்றை அடைக்காதே என்றிருந்தது. திரும்பிக் கதவைப் பார்த்தேன். கதவு முழுக்கச் சாய்வுப் பட்டைகள், இடையிடையே திறப்பு. வீட்டைக் கட்டியவன் அழகுக்காக அப்படி வைக்கவில்லை.

மாப்பிள்ளையின் திட்டத்தில் அந்தக் கதவுக்குப் பதில் கெட்டிக் கதவு, சுற்றிலும் ரப்பர் பட்டை. ஏனென்றால் அந்தத் திறப்புகள் வழியாகப் பின்பக்க ஒலி சுற்றி வந்து முன்பக்க ஒலியைத் தின்றுவிடும். ஸ்பீக்கருக்கு அறை அடைபட வேண்டும். அடுப்புக்கு அறை திறந்திருக்க வேண்டும். இரண்டையும் ஒரே அறை செய்ய முடியாது.

அமெரிக்க எரிவாயு விதியில் இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. வீட்டுக்குள்ளிருக்கும் காற்றை எடுத்து எரியும் கருவி என்றால், மணிக்கு ஒவ்வொரு 1,000 பி.டி.யு.வுக்கும் 50 கன அடி இடம் வேண்டும். தொட்டியில் 40,000, ஃபர்னஸில் 80,000 என்று எழுதியிருந்தது. கூட்டினால் 1,20,000. வேண்டிய இடம் 6,000 கன அடி. அந்த அறை 720. பட்டைக் கதவு வழியாகப் பேஸ்மென்ட் முழுவதிலிருந்தும் காற்று வருவதால்தான் இதுவரை பிழைப்பு ஓடியிருக்கிறது. கதவை அடைத்தால் எரிவது அரைகுறையாகும், புகை குழாயில் ஏறாமல் வீட்டுக்குள் திரும்பும். கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. நேர் மேலே பேரனின் தொட்டில்.

இதை அன்றே சொன்னேனா என்றால் இல்லை. இரண்டு நாள் சொல்லவில்லை. மகள் வீடு. மாப்பிள்ளை ஆசையாகச் செய்கிற வேலை. ஊரிலிருந்து வந்த மாமனார், ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் படித்தவர், எஞ்சினியருக்குப் பாடம் எடுப்பதா என்ற கூச்சம். இத்தனை வருடம் வகுப்பில் தப்பைக் கண்டால் அந்த நிமிடமே சிவப்பு மையை எடுத்தவன், அங்கே வாயை மூடிக்கொண்டு தோசை சாப்பிட்டேன். மூன்றாம் நாள் காலை ஒரு தாளில் அந்தக் கணக்கை மட்டும் போட்டு, ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டிவிட்டு நடைக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது மாப்பிள்ளை தாளோடு நின்றிருந்தார். "ஏன் மாமா நேர்ல சொல்லல?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு இன்னும் என்னிடம் சரியான பதில் இல்லை. அன்று மாலையே ஹீட்டிங் வேலை செய்பவரை வரவழைத்தார். அவர் கதவைத் தொடவே கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். கார்பன் மோனாக்ஸைடு அலாரத்தின் பேட்டரியையும் மாற்றினோம்.

ஃபர்னஸ் அறை வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. அங்கிருந்துதான் தகரக் குழாய்கள் எல்லாப் படுக்கையறைக்கும் போகின்றன. ஸ்பீக்கரின் முதுகை அங்கே திருப்பினால் சினிமாவின் இடியைக் குழாய் போட்டு ஒவ்வொரு கட்டிலுக்கும் அனுப்பிவைத்த கதைதான்.

பக்கச் சுவருக்கு அந்தப்புறம் சாமான் அறை. 14 அடிக்கு 10 அடிக்கு 8 அடி, 1,120 கன அடி. சூட்கேஸ்கள், அரிசி மூட்டைகள், நவராத்திரிக் கொலுப் படிகள் என்று மூன்றில் ஒரு பங்கு அடைத்துக்கொண்டிருந்தாலும் 21,000 லிட்டர் மிச்சம். மகள்தான் முகத்தைச் சுளித்தாள். "என் அரிசிக்கும் கொலு பொம்மைக்கும் சினிமா காட்டப் போறீங்களா அப்பா?" பொம்மைகள் மட்டும் மாடிக்குப் போயின.

வேலையின்போது கற்றுக்கொண்டதில் இரண்டை மட்டும் சொல்கிறேன். அங்கே சுவருக்குள் மரச்சட்டங்கள் 16 அங்குலத்துக்கு ஒன்றாக நிற்கும். சட்டத்தின் கனம் போக இடைவெளி பதினாலரை. 15 அங்குல ஸ்பீக்கர் அதில் நேராக உட்காராது. சட்டத்தை அறுக்கலாமா என்பது அந்தச் சுவர் மேல்தளத்தைத் தாங்குகிறதா என்பதைப் பொறுத்தது. தெரியாமல் ரம்பத்தை எடுக்காதீர்கள். எங்களுடையது தாங்காத சுவர். அதில் ஒரு திறப்பு வெட்டி, முக்கால் அங்குல பிளைவுட்டை இரண்டடுக்காக ஒட்டிய கூடு ஒன்றை வைத்தோம். கூட்டின் வாய் சினிமா அறைப் பக்கம். ஸ்பீக்கர்கள் இருபுறமும் இரண்டிரண்டாக, ஒன்றுக்கொன்று எதிரெதிரே. ஒன்று இடப்பக்கம் உதைத்தால் மற்றது வலப்பக்கம் உதைக்கும். உதை உதையோடு போய்விடும். கூட்டின் மேல் ஒரு கால் டாலர் நாணயத்தை விளிம்பில் நிறுத்திப் பாட்டுப் போட்டோம். விழவில்லை. இந்த ஒரு காட்சிக்காகவே அந்த எட்டாம் வகுப்பைக் கூட்டிப்போயிருக்க வேண்டும்.

இரண்டாவது, பின்னால் காற்றின் தடை இல்லாததால் கூம்பு அளவுக்கு மீறி ஓடிக் கிழியும். கயிறில்லாத கன்றுக்குட்டி மாதிரி. 15 ஹெர்ட்ஸுக்குக் கீழே வருவதை மின்னணுவில் வடிகட்டிவிட வேண்டும். நான்கு ஸ்பீக்கருக்கும் சேர்த்து பெரிய ஆம்ப்ளிஃபையர் வாங்குவதில் பெருமை ஏதுமில்லை.

சுவரெல்லாம் பஞ்சு ஒட்டினால் மாடிக்குச் சத்தம் போகாது என்று விற்பவர்களை நம்பாதீர்கள். 17 மீட்டர் அலைக்கு இரண்டு அங்குலப் பஞ்சு கொசுவலை. கனமும் அடைப்பும்தான் கொஞ்சம் தடுக்கும். சாமான் அறைச் சுவர் முடிகிற இடத்துக்கு மேலே உத்தரங்களுக்கு இடையில் இருந்த சந்துகளைப் பலகை வைத்துப் பசை போட்டு அடைத்தோம். முதல் நாள் இடி ஏன் மெலிந்திருந்தது என்று தேடியபோது அகப்பட்ட சந்துகள் அவை.

குறை இல்லாமல் இல்லை. சாமான் அறைக்கு மேலே சமையலறை. சண்டைக்காட்சி வந்தால் அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்கள் கிணுகிணுக்கின்றன. நான் கிளம்புகிற வாரம் அடியில் ரப்பர் விரிப்பு போட்டேன். தட்டுகள் அடங்கிவிட்டன. டம்ளர்கள் அடங்கவில்லை. இரவு 9 மணிக்கு மேல் சப்வூஃபர் கூடாது என்று மகள் சட்டம் போட்டிருக்கிறாள்.

எழுதிக் கேட்ட மூன்று பேருக்கும்: ஸ்பீக்கர் படம் எனக்கு வேண்டாம். உங்கள் ஃபர்னஸையும் வெந்நீர்த் தொட்டியையும் படம் எடுத்து அனுப்புங்கள். இரண்டு வெள்ளை பிளாஸ்டிக் குழாய்கள் வெளிச்சுவருக்குப் போனால் அது வெளிக்காற்றை எடுக்கும் வகையாக இருக்கலாம். தகரக் குழாய் என்றால், மேலே உள்ள கணக்கை ஒரு தாளில் போட்டுப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.