பசுமை எங்கே தொடங்க வேண்டும்?

இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி., வேதியியல்

எங்கள் சிவகாசி வட்டாரத்தில் ‘பசுமை’ என்ற சொல்லை அறியாதவர் இன்று இல்லை. 2018ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பை ஒட்டிப் பசுமைப் பட்டாசு வந்தது. வெடிக்கும் இடத்தில் புகைத்துகளை 30 விழுக்காடேனும் குறைப்பது அதன் நோக்கம். நல்லதே. ஆனால் மருந்து செலுத்தும் அறையில் இருப்பவருக்கு அதனால் என்ன நன்மை? பட்டாசுத் தொழிலாளியின் மகனாகிய நான், குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவன். என் வேதியியல் பாடத்திடமும் இதே கேள்வியைக் கேட்கிறேன்.

விருதுநகர் மாவட்டக் கரிசலில் விளையும் மக்காச்சோளத்தின் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கி நொதிக்கச் செய்தால் லாக்டிக் அமிலம் கிடைக்கும். அதிலிருந்து மட்கும் பிளாஸ்டிக் செய்யலாம். நொதித்த கரைசலிலிருந்து அமிலத்தைப் பிரிக்கப் பழைய முறையில் சுண்ணாம்பும் கந்தக அமிலமும் சேர்ப்பர். ஒரு டன் அமிலத்துக்கு ஏறக்குறைய ஒரு டன் ஜிப்சம் கழிவாகும். சவ்வுகளைக் கொண்டு பிரித்தால் இக்கழிவைப் பெருமளவு தவிர்க்கலாம்.

மகிழ்ச்சிதான். அந்தச் சவ்வு எவ்வாறு பிறக்கிறது? பிளாஸ்டிக் போன்ற பலபடியைக் கரைப்பானில் கரைத்து, மெல்லிய படலமாகப் பரப்பி, நீரில் அமிழ்த்துவர். கரைப்பான் நீரோடு கலந்துவிட, நுண்துளைகளுடன் சவ்வு உறையும். இதற்குப் பெரிதும் பயன்படுபவை டைமெத்தில் ஃபார்மமைடும் மெத்தில் பைரோலிடோனும். முன்னது தோல் வழியே புகுந்து கல்லீரலைக் கெடுக்கும். பின்னது கருவிலுள்ள குழந்தைக்குத் தீங்கு செய்யும். தொழிலாளர் நலம் கருதி ஐரோப்பிய ஒன்றியம் பின்னதற்கு 2020இலும் முன்னதற்கு 2023இலும் கட்டுப்பாடுகளை நடைமுறைப்படுத்தியது.

மாற்று இல்லையா? உண்டு. இந்தியாவில் பிறந்த சௌரிராஜனும் அமெரிக்கரான லோயபும் 1960ஐ ஒட்டி உருவாக்கிய புகழ்பெற்ற சவ்வு, செல்லுலோஸ் அசிட்டேட்டை அசிட்டோனில் கரைத்துச் செய்ததே. அசிட்டோன் எளிதில் தீப்பற்றும். ஆகவே அதுவும் முழு விடையன்று. இன்று செல்லுலோஸிலிருந்தே பெறப்படும் ‘சிரீன்’ என்ற கரைப்பானிலும் சவ்வு வார்த்துக் காட்டியுள்ளனர். விலை அதிகம் என்பர். தொழிலாளியின் கல்லீரலை எந்தக் கணக்கில் எழுதுவது?

என் கருத்து இதுதான்: ஒரு பொருளைப் பசுமை என்று அழைக்குமுன், அதைச் செய்யும் கையைப் பார்க்க வேண்டும். வாங்குபவருக்கு மட்டும் பசுமையாய் இருப்பது பாதிப் பசுமையே.

நாளை ஆய்வுக்கூடங்களுக்கும் ஆலைகளுக்கும் செல்லவிருக்கும் நண்பர்களே! விளைபொருள் எத்தனை விழுக்காடு என்று கேட்கும்போதே, கரைப்பான் எது, அதைக் கையாள்பவர் யார் என்றும் கேளுங்கள். அந்தக் கேள்வியை நம் வீட்டார் கேட்க இயலவில்லை; படித்த நாம் கேட்போம்.