பதில் சொல்ல முடியாதவர்களின் உருவம்

பெறுநர்: மாண்புமிகு மத்தியப் பண்பாட்டுத் துறை அமைச்சர் அவர்கள், புதுதில்லி
பொருள்: தனித்து வாழும் அந்தமான் பழங்குடிகளைக் கலையில் சித்திரிப்பதற்கு ஒரு நெறிமுறை வேண்டி

மாண்புமிகு அமைச்சர் அவர்களுக்கு,

வட சென்டினல் தீவு, தென் அந்தமானுக்கு மேற்கே சுமார் 60 சதுர கிலோமீட்டர் பரப்பில் கிடக்கிறது. அங்கு வாழும் மக்கள் வெளியாரை ஏற்பதில்லை. அவர்களை 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 39 பேர் என்றும், 2011 கணக்கெடுப்பு 15 பேர் என்றும் பதிவு செய்தது. இரண்டுமே தொலைவிலிருந்து கண்ணுக்குத் தென்பட்டவர்களை எண்ணிய எண்கள். தலையைக்கூடச் சரியாக எண்ண முடியாத இந்த மக்களைப் பற்றி ஓவியமும் புகைப்படமும் நாவலும் திரைப்படமும் ஏராளமாக வந்திருக்கின்றன. அவற்றில் ஒன்றையும் அவர்கள் பார்த்ததில்லை; ஒன்றுக்கும் சம்மதம் தந்ததில்லை.

தீவுக்கும் அதன் மக்களுக்கும் சட்டப் பாதுகாப்பு உண்டு. 1956-ஆம் ஆண்டின் அந்தமான் நிக்கோபார் பழங்குடிப் பாதுகாப்பு ஒழுங்குமுறை, அவர்களின் நிலத்தை வெளியார் நுழையக்கூடாத பகுதியாக்கியது. 2012-இல் வந்த திருத்தம், உள்ளே நுழைந்து படம் எடுப்பதையும், அம்மக்களைக் காட்டி விளம்பரம் செய்வதையும் சிறைத் தண்டனைக்குரிய குற்றங்களாக்கியது. ஆனால் இந்தச் சட்டம் காப்பது கரையைத்தான். தீவின் பக்கமே போகாமல், சென்னையிலோ மும்பையிலோ லண்டனிலோ உட்கார்ந்து உருவாக்கப்படும் சித்திரிப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதைப் பற்றி அதில் எதுவும் இல்லை.

அத்தகைய சித்திரிப்புக்குத் தமிழிலேயே நீண்ட வரலாறு உண்டு. மணிமேகலையில் ஆதிரையின் கணவன் சாதுவன், கப்பல் உடைந்து, ஆடையில்லாத நாகர் வாழும் மலையில் கரையேறுகிறான். அவர்கள் அவனைக் கொன்று தின்ன நினைக்கிறார்கள். அவர்கள் மொழி அவனுக்குத் தெரிந்திருப்பதால் பிழைக்கிறான். அவர்கள் தலைவனுக்கு அறம் போதிக்கிறான். பொருளோடு ஊர் திரும்புகிறான். அந்தத் தலைவன் உயிர் என்பது என்ன, செத்தபின் அது எங்கே போகும் என்று எதிர்க்கேள்வி கேட்பதையும் காப்பிய ஆசிரியர் சாத்தனார் காட்டுகிறார். தீவுவாசிக்கும் வாதம் செய்யும் அறிவு உண்டு என்று ஒப்புக்கொள்ளும் அந்தக் கண்ணியம் பின்னால் வந்த பல படைப்புகளில் காணப்படவில்லை. மார்க்கோ போலோவின் நூல் அந்தமானியருக்கு நாய்த் தலை கொடுத்தது. ஆர்தர் கோனன் டாயில் 1890-இல் எழுதிய துப்பறியும் நாவலில், அந்தமானிய மனிதன் ஒருவன் ஊதுகுழலில் நஞ்சு முள் வைத்துக் கொலை செய்கிறான். அந்தமானியரின் ஆயுதம் வில். ஊதுகுழல் அவர்களிடம் இருந்ததே இல்லை.

புகைப்படக் கருவி வந்ததும் சித்திரிப்புக்கு அதிகாரத்தின் துணையும் கிடைத்தது. ஆங்கிலேய அதிகாரி மாரிஸ் விடல் போர்ட்மன் 1880-இல் ஆயுதப் படையுடன் வட சென்டினலில் இறங்கி, ஒரு முதிய இணையரையும் நான்கு குழந்தைகளையும் போர்ட் பிளேருக்குக் கொண்டுசென்றார். அனைவரும் நோயுற்றனர். முதியவர் இருவரும் இறந்தனர். குழந்தைகள் பரிசுப் பொருள்களோடு திருப்பி அனுப்பப்பட்டனர். இதே போர்ட்மன் 1890-களில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்காக அந்தமானியரை நிறுத்திவைத்துப் படம் எடுத்தார். உடலை அளந்து பார்ப்பதற்காகச் சிலரைக் கட்டம் போட்ட திரைக்கு முன் ஆடையின்றி நிறுத்தினார். அவர் படம் எடுத்துக்கொண்டிருந்த காலத்திலேயே பெரிய அந்தமானியர் தொற்றுநோய்களால் அழிந்துகொண்டிருந்தனர். 1961 கணக்கெடுப்பில் அவர்கள் 19 பேர். அவர்களின் மொழிகளுள் ஒன்றான போ மொழியின் கடைசிப் பேச்சாளரான போவா சீனியர் 2010 ஜனவரியில் மறைந்தார். போர்ட்மனின் படங்களோ இன்றும் அழியாமல் இருக்கின்றன. நூல்களில் மறுபடி மறுபடி அச்சாகின்றன.

விடுதலைக்குப் பின்னும் இந்தப் பார்வை எளிதில் மாறவில்லை. 1974-இல் மானிடவியலாளர்களோடும் காவலர்களோடும் ஒரு படப்பிடிப்புக் குழு வட சென்டினலை நெருங்கியது. கரையில் தேங்காய், அலுமினியப் பாத்திரங்கள், ஒரு பொம்மை, கட்டிப்போட்ட பன்றி ஆகியவற்றை வைத்துவிட்டுக் காத்திருந்தது. பறந்து வந்த அம்பு ஒன்று படத்தின் இயக்குநரின் தொடையில் பாய்ந்தது. தேங்காயையும் பாத்திரங்களையும் எடுத்துக்கொண்ட தீவுவாசிகள், பன்றியையும் பொம்மையையும் மண்ணில் புதைத்தார்கள். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு, கடலோரக் காவல்படை ஹெலிகாப்டரை நோக்கி ஒருவர் அம்பு குறிவைக்கும் படம் உலகெங்கும் பரவியது. பேரழிவிலிருந்து பிழைத்த ஒரு சமூகம், அந்த ஒற்றைப் படத்தால் சீற்றத்தின் சின்னமாகவே மக்கள் மனத்தில் பதிந்துவிட்டது.

தமிழ்த் திரையும் இதற்கு விலக்கல்ல. 2010-இல் வந்த ‘ஆயிரத்தில் ஒருவன்’, தீவுப் பயணத்தின் ஏழு தடைகளில் ஒன்றாக மனிதரைத் தின்போரை வைத்தது. 2017-இல் வந்த ‘வனமகன்’ படத்தில் அந்தமான் காட்டைச் சேர்ந்த நாயகன் விபத்தில் சிக்கிச் சென்னைக்குக் கொண்டுவரப்படுகிறான். நகரத்துப் பெண் அவனைப் பழக்கப்படுத்துகிறாள். காட்டை விழுங்க வரும் நிறுவனத்துக்கு எதிராக நிற்கும் படம் அது, நோக்கம் நல்லது. ஆயினும் அந்தமான் மனிதன் அதில் வியப்புக்கும் சிரிப்புக்கும் உரியவனாகவே பெரும்பாலும் நிற்கிறான். 2023-இல் வந்த ‘காலா பானி’ என்னும் இந்தித் தொடர், ஒராகா என்று ஒரு குடியைக் கற்பனையாகப் படைத்துக்கொண்டது. உண்மையான மக்களின் பெயரைத் தவிர்த்த அளவில் அது சரியான முடிவு. ஆனால் கொள்ளைநோய்க்கான தீர்வு அந்தக் குடியிடம் இருப்பதாகக் கதை நகரும்போது, வெளியாருக்குப் பயன்படுவதே அவர்கள் இருப்புக்கு நியாயம் என்ற எண்ணம் எழுகிறது. தமிழகத்துப் பள்ளி ஆண்டு விழாக்களில் முகத்தில் கரி பூசி, இடுப்பில் தழை கட்டி ஆடும் காட்டுவாசி வேடமும் இதே வரிசையைச் சேர்ந்ததுதான்.

இந்தச் சித்திரிப்புகள் அனைத்தையும் தொகுத்துப் பார்த்தால் மூன்று முகமூடிகள் தெரியும்: மனிதரைத் தின்னும் கொடியவர், விவரம் அறியாத குழந்தை, கறைபடாத தூயவர். மூன்றுமே அம்மக்களுக்கு வரலாறும் முடிவெடுக்கும் திறனும் உண்டு என்பதை மறைக்கின்றன. 1981-இல் தீவின் அருகே தரைதட்டிய பிரிம்ரோஸ் கப்பலிலிருந்து இரும்பை எடுத்து அவர்கள் கருவிகள் செய்துகொண்டார்கள். 1991 ஜனவரியில் மானிடவியலாளர் மதுமாலா சட்டோபாத்யாய் இடம்பெற்ற குழுவிடமிருந்து, கடலில் இறங்கி வந்து தேங்காயைப் பெற்றுக்கொண்டார்கள். வேறு பல வேளைகளில் வந்தவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். எதை ஏற்பது, எதை மறுப்பது என்று அவர்களே தீர்மானிக்கிறார்கள். அவர்களைக் கற்காலத்தின் எச்சம் என்று எழுதுவது பிழை. அவர்கள் இந்த நூற்றாண்டில் வாழும் மனிதர்கள்.

பிழையான உருவம் ஏட்டோடு நின்றுவிடுவதில்லை. அது ஆட்களைத் தீவுக்கு இழுக்கிறது. அந்தமானின் இன்னொரு பழங்குடியான ஜாரவா மக்களின் காட்டை ஊடறுத்துச் செல்லும் அந்தமான் பெருஞ்சாலையில், விலங்குகளைப் பார்க்கப் போவதுபோல் சுற்றுலாப் பயணிகள் வாகனங்களில் போனார்கள். ஜாரவாப் பெண்களைச் சாப்பாட்டுக்காக ஆடவைக்கும் காணொளி 2012 ஜனவரியில் வெளியானபோது நாடே தலைகுனிந்தது. 2018 நவம்பரில் அமெரிக்க இளைஞர் ஒருவர் மதம் பரப்பும் நோக்கத்தோடு வட சென்டினலுக்குச் சென்று உயிரிழந்தார். 2025 மார்ச்சில் இன்னொரு அமெரிக்கர் கேமராவோடு அங்கே இறங்கி, குளிர்பானக் கேன் ஒன்றையும் தேங்காயையும் வைத்துவிட்டு வந்து கைதானார். அம்மக்களை உலகின் கடைசி மர்மமாகக் காட்டும் ஒவ்வொரு படைப்பும், அந்த மர்மத்தைத் தானே உடைக்க வேண்டும் என்று நினைப்பவருக்கு அழைப்பாகிறது. அப்படிப் போகும் ஒருவரின் சாதாரணச் சளிக்காய்ச்சல்கூட, அதற்கு எதிர்ப்பாற்றல் இல்லாத சமூகத்தைத் துடைத்துவிடக்கூடும்.

இதனால் கலையே கூடாது என்று சொல்லிவிட முடியாது. உருவம் கேடயமாகவும் ஆகலாம். பிரேசிலின் பழங்குடி நலத் துறை 2008-இல் ஆக்ரி மாநிலத்தின் தனித்த குடி ஒன்றை வானிலிருந்து எடுத்த படங்களை வெளியிட்டது. அப்படி ஒரு மக்களே இல்லை என்று சொல்வோருக்கு அது விடையாயிற்று. 1997 வரை வெளியாரை எதிர்த்துநின்ற ஜாரவாக்களின் காடு எந்த நிலையில் இருக்கிறது என்பதை நாடு அறிந்ததும் எழுத்தாலும் படத்தாலும்தான். ஆகவே தேவைப்படுவது தடையன்று; அளவுகோல்.

அந்த அளவுகோல் என்னவென்று கோட்டைப்பட்டினம் போன்ற கடற்கரை ஊரிலிருந்து பார்க்கும்போது தெளிவாகத் தெரிகிறது. பாக் நீரிணையை ஒட்டிய இவ்வூரையும் வெளியுலகம் பிறர் எடுத்த படங்களின் வழியாகவே அறிகிறது. 2021 ஜனவரியில் இங்கிருந்து கடலுக்குப் போன விசைப்படகு இலங்கைக் கடற்படைக் கலத்தோடு மோதி நான்கு பேர் உயிரிழந்தபோது, கரையில் அழுத பெண்களின் முகங்களே செய்தியாயின. மீனவரை எல்லை தாண்டுபவராக மட்டும் காட்டிய படங்களும் உண்டு. பரிதாபத்துக்குரியவராக மட்டும் காட்டியவையும் உண்டு. ஆனால் இவ்வூர் மக்களால் அதை மறுக்க முடியும். மீனவர் சங்கம் கூடிப் பேசலாம், வேலைநிறுத்தம் செய்யலாம், ஆட்சியரிடம் மனுக் கொடுக்கலாம், நீதிமன்றம் போகலாம், தங்கள் கதையைத் தாங்களே எழுதலாம். வட சென்டினல் மக்களுக்கு இவற்றில் எதுவும் இல்லை. தன்னைப் பற்றிய பொய்யை மறுக்க ஒருவருக்கு எவ்வளவு குறைவாக வழி இருக்கிறதோ, அவரை வரைபவருக்கு அவ்வளவு கூடுதலாகப் பொறுப்பு உண்டு.

இந்தப் பொறுப்பைக் கலைஞர் நடைமுறையில் நிறைவேற்ற வழிகள் உண்டு. அம்மக்களின் மனத்துக்குள் புகுந்து கதை சொல்வதைவிட, அவர்களை நெருங்கிய வெளியாரின் கதையைச் சொல்வது நேர்மையானது. ஏனெனில் ஆவணம் இருப்பது வெளியாரைப் பற்றித்தான். கடவுள், சடங்கு, மொழி, திருமணம் என்று கற்பனை செய்தே தீர வேண்டுமென்றால் தீவையும் கற்பனையாகவே படைக்க வேண்டும். வாழும் மக்களின் பெயரை அதன்மேல் ஒட்டக்கூடாது. கரையை அடையும் வழி, காலம், காவலின் இடைவெளி ஆகியவற்றைக் காட்டக்கூடாது. ஆடையற்ற உடலைக் காட்சிப்பொருளாக்கக்கூடாது. வெளியாரோடு தொடர்பில் உள்ள பெரிய அந்தமானியர், ஓங்கே, ஜாரவா ஆகிய குடியினரைப் பற்றிய படைப்பென்றால், அவர்களிடமே கேட்க முடியும், கேட்டே ஆகவேண்டும்.

அரசு முதலில் தன் கைவசம் இருப்பதைச் சீர்செய்வது முறை. இந்திய மானிடவியல் ஆய்வு நிறுவனம், ஸ்ரீ விஜய புரத்தில் (முன்னாள் போர்ட் பிளேர்) உள்ள அதன் அருங்காட்சியகம், போபாலின் இந்திரா காந்தி தேசிய மானுட அருங்காட்சியகம், சாகித்திய அகாதெமி, லலித் கலா அகாதெமி, சங்கீத நாடக அகாதெமி ஆகியவை தங்கள் அமைச்சகத்தின் கீழ் வருபவை. எனவே இம்மடல் நான்கு கோரிக்கைகளை முன்வைக்கிறது.

1. அரசு நிறுவனங்களிடம் உள்ள அந்தமான் பழங்குடிகளின் படம் ஒவ்வொன்றுக்கும், அதை யார், எப்போது, எந்தச் சூழலில் எடுத்தார் என்ற குறிப்பு சேர்க்கப்பட வேண்டும். வற்புறுத்தி எடுத்த படங்களையும் ஆடையற்ற படங்களையும் ஆய்வுக்கன்றி மறுபதிப்புக்கோ வணிகத்துக்கோ தரக்கூடாது.

2. பெரிய அந்தமானியர், ஓங்கே, ஜாரவா சமூகத்தவரும், அவர்களோடு நெடுங்காலம் பழகிய மொழியியலாளரும் மானிடவியலாளரும் மருத்துவரும் அடங்கிய குழு அமைத்து, கலைஞர்களுக்கான நெறிமுறை எழுதப்பட வேண்டும். ஆஸ்திரேலியாவின் தேசியக் கலை மன்றம் அந்நாட்டு முதற்குடிகளின் பண்பாட்டைக் கையாளும் கலைஞர்களுக்கென இத்தகைய நெறிமுறையை வெளியிட்டிருக்கிறது.

3. அரசு நல்கை பெறும் கண்காட்சி, நாடகம், நூல், படம் ஆகியவற்றுக்கு இந்நெறிமுறை நிபந்தனையாக வேண்டும். அரசுப் பணம் பெறாதவருக்கு அது வழிகாட்டுதலாக இருந்தால் போதும். கருத்துரிமையைப் பறிக்கும் தணிக்கையாக அது மாறிவிடக்கூடாது.

4. நெறிமுறை தமிழிலும் வெளிவர வேண்டும். அந்தமான் நிக்கோபார் மக்கள்தொகையில் 2011 கணக்குப்படி சுமார் 15 விழுக்காட்டினர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். தமிழ்த் திரைப்படங்களும் அத்தீவுகளைக் கதைக்களமாக எடுத்துக்கொள்கின்றன. பள்ளிப் பாடநூல்களிலும் விழா மேடைகளிலும் இம்மக்கள் எப்படிக் காட்டப்பட வேண்டும் என்பதற்கான பகுதியும் அதில் இடம்பெற வேண்டும்.

வெளியார் வரவேண்டாம் என்ற வட சென்டினல் மக்களின் முடிவை ஏற்று, இந்திய அரசு 1990-களின் நடுப்பகுதியிலிருந்து அங்கே பரிசுப் பொருள் கொடுக்கச் செல்லும் பயணங்களை நிறுத்திவைத்திருக்கிறது. உலகின் பல நாடுகள் காட்டாத பண்பு அது. அதே மதிப்பை அவர்களின் உருவத்துக்கும் நீட்டிக்கும் அதிகாரம் தங்கள் அமைச்சகத்திடம் இருக்கிறது. அதைப் பயன்படுத்துமாறு இம்மடல் வேண்டுகிறது.

இங்ஙனம்,
கோட்டைப்பட்டினத்திலிருந்து,
புதுக்கோட்டை மாவட்டம், தமிழ்நாடு