உளியும் மின்விசையும்

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)

மனிதன் கருவி செய்யத் தெரிந்த விலங்கு என்பர் அறிஞர். கல்லைத் தீட்டிக் கோடரி ஆக்கிய நாள் தொட்டு இன்றுவரை அவன் வரலாறு என்பது ஒருவகையில் கருவிகளின் வரலாறே. அந்த வரலாற்றில் அண்மைக்கால அத்தியாயம், கையில் பிடித்து இயக்கும் மின் கருவி. டிரில்லிங் மெஷின், கிரைண்டர், மரம் இழைக்கும் பிளேனர், மரம் அறுக்கும் வட்ட ரம்பம் ஆகியவை இன்று பட்டணத்துத் தொழிற்சாலையை விட்டு நம் தெருவுக்கே வந்துவிட்டன. வந்ததை வரவேற்பதா, விரட்டுவதா? வரவேற்பது எனின் எப்படி? இந்தக் கேள்விகளைப் பற்றிச் சில கருத்துகளை நண்பர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

வீட்டுப் பட்டறை என்றதும் மேனாட்டுத் திரைப்படங்களில் வரும் காட்சி நினைவுக்கு வரலாம். கார் நிறுத்தும் கொட்டகை, சுவரில் வரிசையாகத் தொங்கும் கருவிகள், விடுமுறை நாளில் பொழுதுபோக்காகப் பறவைக் கூண்டு செய்யும் ஒருவர். நம் கரையில் நிலைமை வேறு. பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் மண்டபத்திலும் வீட்டுப் பட்டறைக்குச் சுவர் கிடையாது. பூவரசு நிழலே கூரை. கடல் மணலே தரை. கதவு முறிந்தால் அங்கேதான் சரியாகிறது. வள்ளத்தின் பலகை பெயர்ந்தாலும் அங்கேதான். நமக்கு இது பொழுதுபோக்கு அன்று, பிழைப்பு. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாத தடைக்காலத்தில், இந்தக் கரை முழுவதுமே ஒரு பெரிய பட்டறையாகிவிடுவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

என் தந்தையார் படகுத் தச்சர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆகவே இதை எழுதும்போது உளிக்கும் புத்தகத்துக்கும் நடுவே நின்றுகொண்டுதான் எழுதுகிறேன்.

மின் கருவி வந்த வழி

ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் ஃபைன் என்னும் நிறுவனம் 1895-இல் மின்சாரத்தால் இயங்கும் கைத் துளைப்பானைச் செய்தது. அமெரிக்காவின் பால்டிமோர் நகரைச் சேர்ந்த பிளாக் அண்டு டெக்கர் நிறுவனம், கைத்துப்பாக்கியைப் போன்ற பிடியும் விரலால் அழுத்தும் விசையும் கொண்ட துளைப்பானுக்கு 1917-இல் காப்புரிமை பெற்றது. இன்று நாம் கையில் எடுக்கும் டிரில்லிங் மெஷினின் உருவம் அதுதான். இரண்டாம் உலகப் போரின்போது தொழிற்சாலைத் தொழிலாளர்கள் இக்கருவிகளை வீட்டு வேலைக்கும் எடுத்துச் சென்றதைக் கண்டு, அந்நிறுவனம் 1946-இல் வீட்டு உபயோகத்துக்கென்றே கருவிகளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1961-இல் மின்கலத்தால் இயங்கும் துளைப்பான் வந்தது. 1971-இல் அப்போலோ 15 வீரர்கள் சந்திரனின் தரையையே மின்கலத் துளைப்பானால் துளைத்தார்கள்!

இங்கே நோக்க வேண்டியது ஒன்று. தொழிலாளி தன் வீட்டுக்கு எடுத்துச் சென்றதால்தான் அந்தக் கருவி வீட்டுக் கருவியாயிற்று. விற்பவன் காணும் முன்பே உழைப்பவன் அதன் பயனைக் கண்டுகொண்டான்.

நம் நாட்டிலும் இதற்குச் சான்று உண்டு. கோவை மாவட்டத்துக் கலங்கல் சிற்றூரில் 1893-இல் பிறந்த ஜி. டி. நாயுடு அதிகம் பள்ளிப் படிப்பு இல்லாதவர். ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் மோட்டார் சைக்கிளைக் கண்டு வியந்து, உணவு விடுதியில் வேலை பார்த்துப் பணம் சேர்த்து, அதை வாங்கிப் பகுதி பகுதியாகக் கழற்றிப் பார்த்துக் கற்றவர். அவரும் டி. பாலசுந்தரமும் 1937-இல் நம் நாட்டிலேயே மின் மோட்டாரைச் செய்து காட்டினர். கழற்றிப் பார்க்கத் துணிந்த கையிலிருந்துதான் கோவையின் தொழில் வளம் பிறந்தது எனில் மிகையாகாது.

நம் கரையின் பாடம்

அவ்வளவு தூரம் போவானேன்? இராமேசுவரத்தில் பிறந்த டாக்டர் ஏ. பி. ஜே. அப்துல் கலாம் தம் தன்வரலாற்று நூலில் ஓர் இளமை நினைவைப் பதிவு செய்திருக்கிறார். யாத்திரிகர்களைத் தனுஷ்கோடிக்கு ஏற்றிச் செல்வதற்காக அவருடைய தந்தையார் ஜைனுலாப்தீன் கடற்கரையில் ஒரு மரப் படகைக் கட்டினார். உறவினர் அகமது ஜலாலுதீன் உதவினார். ஆறு வயதுச் சிறுவனாகிய கலாம், விறகுத் தீயின் வெப்பத்தில் பலகைகள் பதப்படுத்தப்படுவதையும் படகு உருப்பெறுவதையும் பக்கத்திலிருந்து பார்த்தார். பின்னாளில் ஏவுகணை கட்டிய மனிதர் முதன்முதலில் பார்த்த பொறியியல் கூடம், மணல்மேல் இருந்த ஒரு வீட்டுப் பட்டறை! இயற்பியல் பட்டம் பெற்றது அதற்குப் பல ஆண்டுகள் கழித்து.

இப்படிப் பார்த்துக் கற்ற பிள்ளைகள் நம் வகுப்பிலும் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் அதைச் சொல்வதில்லை. "படிக்கிற பிள்ளை உளியைத் தொடலாமா?" என்று ஊரார் கேட்கிறார்கள். பெற்றோரும் அப்படியே எண்ணுகிறார்கள். தாம் பட்ட பாட்டைப் பிள்ளை படக்கூடாது என்னும் பாசம் அது, குறை சொல்வதற்கில்லை. ஆயினும் அதன் விளைவு என்ன? படித்தவன் கருவியை விட்டு விலகுகிறான். கருவியோடு இருப்பவனுக்குப் படிப்பு போய்ச் சேருவதில்லை. இரண்டுக்கும் நடுவே விழுந்த பள்ளத்தில்தான் விரல்களும் உயிர்களும் போகின்றன.

வேகத்தின் விலை

இது வெறும் அலங்காரப் பேச்சு அன்று. கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். நம் கரையில் பெரிதும் புழங்குவது நான்கு அங்குலக் கிரைண்டர். அதன் தகடு சுமார் 100 மில்லிமீட்டர் விட்டம் உடையது. நிமிடத்துக்கு ஏறத்தாழ 11,000 சுற்று சுற்றும். தகட்டின் சுற்றளவு 31.4 சென்டிமீட்டர். பெருக்கிப் பார்த்தால் தகட்டின் விளிம்பு நொடிக்கு 57 மீட்டருக்கு மேல், அதாவது மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் ஓடுகிறது. கடும் புயலின் வேகம் அது! அந்தத் தகடு உடைந்து தெறித்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அதனால்தான் கருவியைச் செய்தவன் அதற்கு ஒரு காப்புத் தகடு வைத்து அனுப்புகிறான். நம் ஊரில் முதல் நாளே அதைக் கழற்றி மூலையில் எறிகிறார்கள், வேலைக்கு இடைஞ்சலாம். இரும்பு அறுக்கச் செய்த கிரைண்டரில் மரம் அறுக்கும் பல்சக்கரத்தை மாட்டுகிறார்கள். மரத்தில் பல் சிக்கினால் கருவி கையை உதறிக்கொண்டு பின்னோக்கிப் பாயும். பனைமரத்தின் வெளிவைரத்திலோ முடிச்சுள்ள கருவேலங்கட்டையிலோ அது எந்த நொடியிலும் நேரலாம். இப்படி இரண்டு விரல்களை இழந்த இளைஞர் ஒருவர் எங்கள் தெருவிலேயே இருக்கிறார். என்னைவிட ஒரு வயது மூத்தவர்.

இன்னொன்று மின்சாரம். ஈர மணலில் வெறுங்காலோடு நின்று வேலை செய்பவர்கள் நாம். நீண்ட மெல்லிய கம்பியை வீட்டிலிருந்து கரைவரை இழுத்து, பிளக் இல்லாமல் முனைகளைத் துளையில் விட்டுத் தீக்குச்சியால் அடைத்து வேலை நடக்கிறது. ஃபியூஸ் காப்பாற்றும் என்று பலர் நம்புகிறார்கள். இயற்பியல் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், காப்பாற்றாது. 500 வாட் துளைப்பான் 230 வோல்ட்டில் இரண்டு ஆம்பியருக்கு மேல் எடுக்கும். அதைத் தாங்கும் ஃபியூஸ், மனித உடல் வழியே ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கு பாய்ந்தால் அசைந்துகூடக் கொடுக்காது. இதயத்தை நிறுத்துவதற்கோ அந்தப் பத்தில் ஒரு பங்கே போதும். உப்பு நீர் பட்ட தோல் மின்சாரத்தைத் தடுப்பதும் குறைவு. இதற்கென்றே செய்யப்பட்ட மின்கசிவுத் தடுப்பான், 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே நொடியின் சிறு பகுதிக்குள் இணைப்பைத் துண்டிக்கும். ஒரு கிரைண்டர் வாங்குபவர் முதலில் அதை அல்லவா வாங்க வேண்டும்?

மூன்றாவது தூசி. மரப் படகின் இடத்தை ஃபைபர் படகு பிடித்து வருகிறது. கண்ணாடியிழையைத் தேய்க்கும்போது பறக்கும் தூள் தோலை அரிக்கும். மூச்சில் கலந்து நெஞ்சைக் கெடுக்கும். மரத்தூளும் எளியதன்று. உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆய்வு அமைப்பு, 1995-இல் வெளியிட்ட நூலில் மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பவற்றின் வரிசையில் வைத்தது. நம்மவர்கள் முகத்தில் ஒரு துண்டைச் சுற்றிக்கொள்வதோடு சரி. நுண்தூளுக்குத் துண்டு ஒரு வேலி ஆகாது.

கூலியின் கேள்வி

"அப்படியானால் மின் கருவியே வேண்டாம் என்று சொல்லிவிடலாமே" என்று கேட்கும் பெரியவர்களும் உண்டு. அவர்கள் இன்னொரு காரணமும் சொல்வார்கள். கயிற்றுத் துரப்பணத்தால் பலகையைத் துளைத்த காலத்தில், கயிறு இழுக்க ஓர் ஆள் வேண்டும். டிரில்லிங் மெஷின் வந்ததும் அந்த ஆளின் கூலி போயிற்று. இது உண்மை. மறைக்க முடியாத உண்மை.

ஆனால் கயிறு இழுத்தவரின் தோள்பட்டையைப் பற்றியும் நாம் நினைக்க வேண்டாமா? ஐம்பது வயதில் கையை உயர்த்த முடியாமல் திண்ணையில் உட்கார்ந்திருப்பவர்களை நான் அறிவேன். பளுவைக் கருவி சுமக்கட்டும். கூலியை மனிதன் இழக்க வேண்டாம் என்பதே என் கருத்து. கயிறு இழுத்தவருக்கே மெஷினைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தால், அவர் உதவியாள் என்ற நிலையிலிருந்து தொழிலாளி என்ற நிலைக்கு உயர்வார். கற்றுக்கொடுப்பார் இல்லாமையே அவரை வெளியேற்றுகிறது.

பாம்பன் பாலத்தைப் பாருங்கள். 1914-இல் திறந்த பழைய பாலத்தின் தூக்குப் பகுதியைக் கப்பல் வரும்போது ஆட்கள் கையால் இயக்கியே திறந்தார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தின் 72.5 மீட்டர் நீளப் பகுதியை மோட்டார்கள் செங்குத்தாக மேலே தூக்குகின்றன. மோட்டார் வந்துவிட்டது என்பதற்காகக் காற்றையும் நீரோட்டத்தையும் துருவையும் அறிந்த மனிதன் தேவையில்லாமல் போய்விட்டானா? இல்லையே! உலோகத்தை இத்தனை விரைவாக அரிக்கும் கடற்காற்றில் அவன் கண் முன்னிலும் கூர்மையாக இருக்க வேண்டியிருக்கிறது.

தச்சிலும் அப்படித்தான். ஆணிக்குத் துளை போடும்போது ஆணியைவிடச் சற்றே சிறியதாக இருக்க வேண்டும். பெரிதானால் பிடிப்பு இராது. சிறிதானால் பலகை வெடிக்கும். மரத்தின் ஓட்டம் எந்தப் பக்கம், ஈரம் காய்ந்ததா, கலப்பத்துக்கு எவ்வளவு இடைவெளி விடுவது என்பவற்றை எந்த மோட்டாரும் சொல்லாது. "மெஷின் துளையைத்தான் போடும்; எங்கே போடுவது என்று உளி பிடித்தவனுக்குத்தான் தெரியும்" என்பார் என் தந்தையார். அவரும் ஒரு டிரில்லிங் மெஷின் வைத்திருக்கிறார். நாள்தோறும் வேலை முடிந்ததும் உப்பீரம் போகத் துடைத்து, பிட்டுகளுக்கு எண்ணெய் தடவி, மூடியுள்ள பெட்டியில் வைக்கிறார். உளிக்குக் காட்டும் அதே மரியாதை.

நாம் செய்யக்கூடியது

பேராசிரியப் பெருமக்களுக்கும் நண்பர்களுக்கும் மூன்று வேண்டுகோள்கள்.

முதலாவது, நம் கல்லூரியில் ஓர் எளிய பட்டறை வேண்டும். ஒரு மேசை, ஒரு பிடிசிராவி, உளி, ரம்பம், இழைப்புளி, இரண்டு மின் கருவிகள் போதும். சனிக்கிழமை பிற்பகலில் திறக்கட்டும். முதல் பருவத்தில் கைக்கருவி. அது கைவந்த பிறகே மின் கருவி. மாணவியருக்கும் இதில் சம இடம் வேண்டும். கற்பிக்க வெளியூரிலிருந்து யாரும் வர வேண்டாம். நம் கரையில் வேலை குறைந்து வீட்டிலிருக்கும் மூத்த தச்சர்களை அழைத்து, உரிய மதிப்பூதியம் கொடுத்து, "ஐயா, கற்றுக்கொடுங்கள்" என்று கேட்போம்.

இரண்டாவது, நாட்டு நலப்பணித் திட்ட முகாமைத் தடைக்காலத்துக்கு முன்பே ஒருமுறை படகுத்துறையில் நடத்தலாம். தெருவைப் பெருக்குவது நல்லதே. அத்துடன் கம்பி இணைப்புகளைப் பார்வையிட்டு, மின்கசிவுத் தடுப்பானின் தேவையை விளக்கி, சதுரத்துக்குள் சதுரம் பொறித்த இரட்டைக் காப்புக் கருவி எது, நில இணைப்பு கட்டாயம் தேவைப்படும் கருவி எது என்று எடுத்துச் சொன்னால் ஓர் உயிராவது மிஞ்சும். நாம் தேர்வுக்காகப் படித்த ஓம் விதிக்கு அதைவிட நல்ல பயன் வேறென்ன?

மூன்றாவது நமக்கு நாமே சொல்லிக்கொள்ள வேண்டியது. பட்டம் பெற்ற பின் எல்லோருக்கும் நாற்காலி வேலை கிடைத்துவிடப் போவதில்லை. கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், உளி பிடித்த கையின் உழைப்பில் படித்தவர்கள் என்பதைச் சொல்ல நாம் கூசக்கூடாது. தந்தையின் தொழிலைப் பற்றி விண்ணப்பப் படிவத்தில் 'கூலி' என்று எழுதுகிறோம். 'படகுத் தச்சர்' என்று முழுதாக எழுதுவோம்.

கருவிக்கு வேகம் மின்சாரம் தரும். அதற்கு அறிவைத் தர வேண்டியவர்கள் நாம். உளி கற்ற கையும் நூல் கற்ற கையும் ஒரே மேசையில் சேரட்டும். சேர்ந்தால் விரல்கள் மிஞ்சும், தொழில் மிஞ்சும், கரையும் செழிக்கும்!